‘இன்’ ஒன்று, வேஷம் நாலு: ஆங்கில எதிர்ச்சொல் முன்னொட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், அலுவலகத்தில் ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டியிருப்பவர்களும், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாம் ஒரே முன்னொட்டைச் சுற்றியவை. இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர், இன்விசிபிள் என்று சொல்லின் தலையில் உட்கார்ந்துகொண்டு பொருளைப் புரட்டிப் போடுகிறதே, அந்தச் சின்ன ‘இன்’.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே ‘அழுத்தம்’ என்று வரும் இடங்களில், அந்த ஓர் அசையை மட்டும் கொஞ்சம் ஓங்கி, கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும் என்று பொருள். மற்ற அசைகளைப் பாதி விழுங்கிவிடலாம். ஆங்கிலேயர்களும் விழுங்கத்தான் செய்கிறார்கள்.

‘இன்’ என்று தொடங்கினால் ‘இல்லை’ என்றுதானே அர்த்தம்?

பாதிக்குப் பாதி. லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்த ‘இன்’ இரண்டு உண்டு. ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பொருள். இன்னொன்றுக்கு ‘உள்ளே’ அல்லது ‘மேலே’ என்று பொருள். எழுத்திலும் ஒலியிலும் இரண்டும் அச்சு அசல் ஒன்று.

நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கர் லாரிக்குப் பின்னால் போயிருந்தால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃப்ளேம் என்றால் தீக்கொழுந்து, இன் என்றால் இல்லை, ஆகவே இது தீப்பிடிக்காத லாரி என்று கணக்குப் போட்டால் முடிந்தது கதை. அங்கே இருப்பது இரண்டாவது ‘இன்’. ‘இன்ஃப்ளேம்’ என்ற வினைச்சொல்லுக்குத் தீமூட்டுதல் என்று பொருள். அதிலிருந்து வந்ததால் ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’. வெறும் ‘ஃப்ளேமபிள்’ என்றாலும் அதே பொருள்தான். இந்தக் குழப்பத்தால் யாராவது சிகரெட்டைப் பற்றவைத்துவிடப் போகிறார்கள் என்ற பயத்தில், அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே ‘இன்’னை வெட்டிவிட்டு எழுதும்படி வற்புறுத்தியது. நம் லாரிகளில் இன்னும் வெட்டப்படவில்லை. தீப்பிடிக்காத பொருளைச் சொல்ல ‘நான்-ஃப்ளேமபிள்’ என்ற தனிச் சொல் இருக்கிறது.

உச்சரிப்பையும் கவனியுங்கள். இதில் வரும் ‘ஃப்ளே’ தீக்கொழுந்தைக் குறிக்கும் ஃப்ளேமின் நீண்ட ஒலி அல்ல. ‘பேங்க்’ என்பதில் வரும் ‘பே’ போலக் குறுகியது. அழுத்தமும் அதன் மேல்தான்.

இதே குடும்பத்தில் மருத்துவச் சொல் ஒன்றும் உண்டு: இன்ஃப்ளமேஷன். உடம்பில் ஓரிடம் சிவந்து, வீங்கி, சுடுவது. அதற்குத் தமிழில் ‘அழற்சி’ என்கிறோம். அழல் என்றால் தீ. இரண்டு மொழியும் ஒரே நெருப்பிலிருந்து சொல்லை எடுத்திருக்கின்றன.

எது ‘இல்லை’, எது ‘உள்ளே’ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நூற்றுக்கு நூறு சரியாக வரும் சூத்திரம் கிடையாது. ஆனால் ஒரு நல்ல ஊன்றுகோல் உண்டு. வினைச்சொல்லில் வந்தால் பெரும்பாலும் ‘உள்ளே’. பெயரடையில் வந்தால் பெரும்பாலும் ‘இல்லை’.

இம்போர்ட் என்றால் உள்ளே சுமந்து வருவது. இன்ஜெக்ட், உள்ளே எறிவது. இன்வேட், உள்ளே புகுவது. இல்லுமினேட், ஒளியை ஏற்றுவது. இர்ரிகேட், நிலத்துக்கு நீர் பாய்ச்சுவது. எல்லாம் வினைகள், எதிலும் ‘இல்லை’ கிடையாது. மறுபுறம் இன்ஆக்டிவ், இம்மெச்சூர், இல்லாஜிக்கல் எல்லாம் பெயரடைகள், எல்லாவற்றிலும் ‘இல்லை’ உண்டு.

பெயரடையே ஆனாலும், அது ஏற்கெனவே ‘இன்’ ஒட்டிய வினையிலிருந்து பிறந்திருந்தால் ‘இல்லை’ ஆகாது. இன்ஃப்ளேமபிள் அப்படித்தான். இன்ஹேபிட் என்றால் குடியிருப்பது, ஆகவே இன்ஹேபிடபிள் என்றால் குடியிருக்கத் தகுந்த இடம். குடியிருக்க முடியாத இடத்தைச் சொல்ல அதன் தலையில் இன்னொரு ஒட்டு ஏற வேண்டும்: அன்இன்ஹேபிடபிள்.

ஊன்றுகோலை வழுக்கிவிடும் சொல்லும் உண்டு. ‘இம்ப்ரவைஸ்’ வினைதான், ஆனால் உள்ளே இருப்பது ‘இல்லை’. முன்கூட்டிப் பார்க்காதது என்பது அதன் வேர்ப்பொருள். கச்சேரியில் வித்வான் மனோதர்மத்துக்கு ராகத்தை விரிப்பதை ஆங்கில விமர்சகர்கள் இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். பொருத்தமான சொல்.

ஒரே முன்னொட்டு ஏன் இன், இம், இல், இர் என்று மாறுகிறது? நாலையும் மனப்பாடம் செய்யணுமா?

வேண்டாம். நீங்கள் சின்ன வயதிலிருந்து தமிழில் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

‘பெரும்’ என்ற ஒட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோடு சேர்ந்தால் பெருங்கடல். செல்வத்தோடு பெருஞ்செல்வம். தலைவரோடு பெருந்தலைவர். பணியோடு பெரும்பணி. யாரும் இதற்குப் பட்டியல் போட்டு உருப்போடவில்லை. அடுத்து வரும் எழுத்துக்கு வாய் முன்னதாகவே தயாராகிறது, மூக்கொலி அந்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. நம் இலக்கணத்தில் இது புணர்ச்சி.

லத்தீன்காரர்களின் வாயும் வாய்தான். ‘இன்’ என்பதோடு ‘பாசிபிள்’ சேரும்போது, ப-வுக்காக உதடு மூடப்போவதால் ன் என்பது ம் ஆகிவிடுகிறது: இம்பாசிபிள். பேலன்ஸில் வரும், பஸ்ஸில் கேட்பது போன்ற ‘ப’ முன்னாலும், மெச்சூரில் வரும் ‘ம’ முன்னாலும் அப்படியே. ‘ல’ வந்தால் ன் முழுக்க ல் ஆகி இல்லீகல். ‘ர’ வந்தால் ர் ஆகி இர்ரெகுலர். மற்ற இடங்களில் இன் இன்னாகவே இருக்கும்.

அப்படியானால் ‘க’ வரும் இடத்தில் ‘இங்’ ஆக வேண்டுமே என்று கேட்டால், நீங்கள் நல்ல காது உள்ளவர். இன்கரெக்ட் என்பதை வேகமாகப் பேசும் ஆங்கிலேயர் பலர் ‘இங்’ என்றுதான் சொல்கிறார்கள். ரோமன் எழுத்தில் ‘ங’ இல்லை, அதனால் எழுத்தில் தெரிவதில்லை. ங, ஞ, ண, ந, ம, ன என்று மூக்கொலிக்கு ஆறு எழுத்து வைத்திருக்கும் நமக்கு இது ஒரு சின்னப் பெருமை.

ஐந்தாவது வேஷம் ஒன்றும் அபூர்வமாக உண்டு. இக்னரன்ட், இக்னோபிள் என்பவற்றின் தலையில் இருப்பதும் இதே முன்னொட்டுதான். அடுத்த எழுத்து விசித்திரமாக இருந்ததால் ன் தேய்ந்துபோயிற்று.

அப்படியென்றால் இன்புட், இன்பாக்ஸ் ஏன் இம்புட், இம்பாக்ஸ் ஆகவில்லை?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் பதில் உடனே பயன்படும். இவற்றில் இருப்பது லத்தீன் ‘இன்’ அல்ல. ‘இன் த ஹவுஸ்’ என்கிறோமே, அந்தச் சுத்த ஆங்கில ‘இன்’. இது உருமாறாது. இன்மேட், இன்லேண்ட், இன்லெட், இன்ரோட் எல்லாம் இந்த வகை. ஆகவே ப, ம, ல, ர முன்னால் ‘இன்’ உருமாறாமல் அப்படியே நின்றால், அது உறுதியாக ‘உள்ளே’ என்றுதான் பொருள் தரும். ‘இல்லை’யாக இருக்கவே முடியாது.

இதை நினைவில் வைக்க மருத்துவமனைக்குப் போனால் போதும். படுக்கையில் சேர்க்கப்பட்ட நோயாளி ‘இன்பேஷன்ட்’. டோக்கன் வாங்கிவிட்டு மூன்று மணி நேரமாக வெளியே நடந்துகொண்டிருப்பவர் ‘இம்பேஷன்ட்’, அதாவது பொறுமை இழந்தவர். முதல் சொல்லில் அழுத்தம் ‘இன்’ மேல். இரண்டாவதில் ‘பே’ மேல். வேகமாகப் பேசும்போது இன்பேஷன்ட்டின் ன்-னும் ம்-போலவே கேட்கும் என்பதால் அழுத்தம்தான் உங்களைக் காப்பாற்றும்.

இல்லீகல், இம்மீடியட் என்று இரட்டை எழுத்து வருகிறதே, அழுத்தி இரட்டித்துச் சொல்ல வேண்டுமா?

கூடாது. தமிழர்கள் அதிகமாகச் செய்யும் தவறு இது, காரணமும் நம் மொழியின் சிறப்பில்தான் இருக்கிறது. நமக்குக் ‘கலை’ வேறு, ‘கல்லை’ வேறு. ‘பட்டு’ வேறு, ‘படு’ வேறு. இரட்டை எழுத்தைப் பார்த்தால் நாக்கு தானாக ஊன்றி நிற்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொற்களின் இரட்டை எழுத்து வெறும் எழுத்துக் கணக்கு, ஒலி ஒன்றுதான். தமிழில் நாம் ‘இல்லீகல்’ என்று எழுதினாலும் வாயில் ‘இலீகல்’ என்று வர வேண்டும். அப்படியே இரெகுலர், இமாரல், இமீடியட், இரெலவன்ட்.

‘அன்’ என்ற வேறொரு முன்னொட்டில் நிலைமை கொஞ்சம் மாறும். அன்நேச்சுரல் என்பதில் இரண்டு ன்-னும் பெரும்பாலும் காதில் விழும்.

இம்பாசிபிள் என்று சரியாகத்தான் சொல்கிறேன், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் புரியவில்லையாம். என்ன பிரச்சினை?

உங்கள் ‘ப’ பஸ்ஸில் வரும் ‘ப’வாக மாறியிருக்க வேண்டும். தமிழில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினம் மென்மையாகிவிடும். ‘பம்பு’ என்ற சொல்லையே சொல்லிப்பாருங்கள். முதல் எழுத்தும் மூன்றாவது எழுத்தும் எழுத்தில் ஒன்றுதான், ஒலியில் வேறு வேறு. முதலாவது பழத்தின் ப. மூன்றாவது பஸ்ஸின் ப. ‘தந்தம்’, ‘சங்கம்’ எல்லாவற்றிலும் இப்படித்தான்.

இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகும்போது இம்பாசிபிள், இம்பார்ட்டன்ட், இன்டெலிஜென்ட், இன்கம் எல்லாவற்றிலும் நடு எழுத்து குழைந்துவிடுகிறது. ‘அங்கிள்’ என்பதை நாம் சொல்லும் விதத்துக்கும் லண்டனில் சொல்லும் விதத்துக்கும் வித்தியாசம் இதுதான். அவர்கள் சொல்வதில் ‘க்’ காக்கையின் க் போல வெடிக்கும். கால்சட்டையையும் வாத்தியக் கோஷ்டியையும் நாம் ‘பேண்ட்’ என்றே எழுதி, ஏறக்குறைய ஒரே மாதிரி சொல்லிச் சமாளிப்பதும் இதே காரணத்தால்தான்.

நம் எழுத்து இதில் உதவாது. நானும் இந்தப் பக்கத்தில் இரண்டு ஒலியையும் ‘ப’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். பயிற்சி எளிது. ‘இம்’ என்று சொல்லி உதட்டை மூடி ஒரு கணம் நிறுத்துங்கள். பிறகு தனியாக, ‘பாட்டி’ என்று தொடங்குவது போலக் காற்றோடு ‘பா’ என்று திறங்கள். இம், பாசிபிள். இம், பார்ட்டன்ட். இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்தால் ‘பா’வில் காற்று அடிக்க வேண்டும். இம்பேலன்ஸ் என்பதைச் சொல்லும்போது அடிக்கக் கூடாது, அது உண்மையிலேயே பஸ்ஸின் ப.

‘ஃபேமஸ்’ சரியாக வருகிறது, ‘இன்ஃபேமஸ்’ என்றால் சிரிக்கிறார்கள். ஏன்?

ஏனென்றால் அது இன்ஃபேமஸ் இல்லை, ‘இன்-ஃப-மஸ்’. அழுத்தம் ‘இன்’ மேல் ஏறிவிடுகிறது, நடுவில் இருந்த நீண்ட ‘ஃபே’ ஒடுங்கி வெறும் ‘ஃப’ ஆகிவிடுகிறது. பொருளையும் கவனியுங்கள்: புகழ் இல்லாதவர் அல்ல, கெட்ட பெயரால் ஊரறிந்தவர். பேர்போன என்பதற்கும் பெயர் கெட்ட என்பதற்கும் உள்ள தூரம்.

‘இன்’ பெரும்பாலும் அழுத்தமில்லாத ஒட்டுதான். ஆனால் ஒரு சில பழைய சொற்களில் அழுத்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஃபைனைட் என்றால் எல்லையுள்ளது, எல்லையற்றது ‘இன்-ஃபினிட்’. போட்டன்ட் என்றால் வலிமையுள்ளது. அதன் எதிர்ச்சொல் ‘இம்-பட்டன்ட்’. பயஸ் என்றால் பக்தியுள்ள. ‘இம்-பியஸ்’ என்றால் தெய்வ நிந்தனையான. கடைசிச் சொல்லை ‘இம்-பயஸ்’ என்று சொல்பவர்களும் உண்டு, அதையும் அகராதிகள் ஏற்கின்றன.

‘எபிள்’ என்று முடியும் நீண்ட சொற்கள் இன்னொரு தொல்லை. ரிப்பேர் தெரியும் என்பதால் ‘இர்ரிப்பேரபிள்’ என்று சொல்லத் தோன்றும். சரியான ஒலி ‘இ-ரெப்-ரபிள்’, அழுத்தம் ‘ரெப்’ மேல். ஈடுசெய்ய முடியாத என்று பொருள். ரிவோக் என்பதிலிருந்து வந்தாலும் ‘இ-ரெவ-கபிள்’தான், திரும்பப் பெற முடியாதது. பத்திரங்களில், பவர் ஆவணங்களில் அடிக்கடி கண்ணில் படும் சொல் அது. கம்பேர் என்று வாய் போனாலும் ‘இன்-காம்-ப்ரபிள்’, ஒப்பற்ற. இன்சேஷபிள் என்றால் எவ்வளவு கிடைத்தாலும் திருப்தியடையாத. நடுவில் ‘சே’ மேல் அழுத்தம், அடுத்து வருவது ‘ஷ’. ‘சேட்டி’ என்று எழுத்தைப் பார்த்துப் படித்துவிடாதீர்கள்.

எழுத்தை நம்பி ஏமாறும் சொல் இன்னொன்றும் செய்தியில் வரும்: ஒருவர் மீது முறைப்படி குற்றம் சாட்டுவது. எழுத்தில் நடுவே ஒரு சி இருக்கும், ஒலியில் இருக்காது. ‘இன்-டைட்’ என்று சொன்னால் சரி. இதில் இருப்பதும் ‘இல்லை’ அல்ல.

இமீடியட்டா, இமீடியேட்டா?

இமீடியட். ‘ஏட்’ என்ற எழுத்துகளில் முடியும் சொல் பெயரடையாக இருந்தால் பெரும்பாலும் ‘அட்’ என்று ஒடுங்கும், வினையாக இருந்தால் ‘ஏட்’ என்று நீளும். ஆகவே இலிட்டரட், இன்அடிக்வட், இன்அனிமட். ஆனால் இல்லுமினேட், இர்ரிகேட். பொருளும் அழகானது: மீடியம் என்றால் நடுவில் இருப்பது, இமீடியட் என்றால் நடுவில் எதுவும் இல்லாதது. ‘இமீடியட் பாஸ்’ என்றால் உடனடி முதலாளி அல்ல; உங்களுக்கும் அவருக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை என்று பொருள்.

‘இன்வேல்யுபிள்’ என்று பாராட்டினார்கள். மதிப்பில்லாதது என்று திட்டினார்களா?

பாராட்டினார்கள், நிம்மதியாக இருங்கள். இதில் ‘வேல்யூ’ என்பது மதிப்பு என்ற பெயரல்ல, மதிப்பிடுதல் என்ற வினை. மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது என்று பொருள். தமிழிலும் இதே சிக்கலை நாம் தாண்டி வந்திருக்கிறோம்: ‘மதிப்பற்ற’ என்றால் வசை, ‘விலைமதிப்பற்ற’ என்றால் வாழ்த்து. ஒன்றுக்கும் உதவாததைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘வேல்யூலெஸ்’ அல்லது ‘வொர்த்லெஸ்’.

இன்டிஃபரன்ட் என்பதும் இப்படி ஏமாற்றும். ‘வேறுபடாத’ என்று பொருளல்ல. ‘எப்படிப் போனாலும் எனக்கென்ன’ என்ற மனநிலை.

இம்ப்ரெக்னபிள் என்ற சொல்லைக் கேட்டுச் சிலர் கர்ப்பத்தை நினைக்கிறார்கள். கோட்டையைப் பற்றிச் சொன்னால் யாராலும் கைப்பற்ற முடியாதது என்று பொருள். பிடித்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. நடுவில் உள்ள ‘க்’ எப்படியோ நுழைந்துகொண்டது.

எதற்கு ‘இன்’ போடுவது, எதற்கு ‘அன்’ போடுவது?

‘அன்’ ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு, ‘இன்’ லத்தீன் இறக்குமதி. ஆகவே நாட்டுச் சொல்லுக்கு ‘அன்’, லத்தீன் சொல்லுக்குப் பெரும்பாலும் ‘இன்’. ஒரே பொருளுக்கு இரண்டு பரம்பரையிலும் சொல் இருக்கும் இடங்களில் இது பளிச்சென்று தெரியும். ஈட் என்பது நாட்டுச் சொல், அதனால் அன்ஈட்டபிள். லத்தீன் வழியில் இன்எடிபிள். பிலீவ் என்பதற்கு அன்பிலீவபிள். லத்தீன் வழியில் இன்க்ரெடிபிள். ரீட் என்பதற்கு அன்ரீடபிள். லத்தீன் வழியில் இலெஜிபிள்.

கடைசி ஜோடியில் ஒரு நுட்பம். இலெஜிபிள் என்றால் எழுத்தே புரியவில்லை, மருந்துச் சீட்டு மாதிரி. அன்ரீடபிள் என்றால் எழுத்து தெளிவாக அச்சாகியிருந்தாலும் பத்துப் பக்கத்துக்கு மேல் தாங்கவில்லை என்றும் இருக்கலாம்.

பிறகு வருகிறது ஆங்கிலத்தின் குறும்பு. பெயரடையில் ‘அன்’ போட்டுவிட்டு அதன் பெயர்ச்சொல்லில் ‘இன்’னுக்குத் தாவிவிடும். அன்ஈக்வல், ஆனால் இன்ஈக்வாலிட்டி. அன்ஜஸ்ட், ஆனால் இன்ஜஸ்டிஸ். அன்ஏபிள், ஆனால் இன்எபிலிட்டி. அன்ஸ்டேபிள், ஆனால் இன்ஸ்டெபிலிட்டி. அன்கிரேட்ஃபுல், ஆனால் இன்கிராட்டிட்யூட். தேர்வில் கேள்வி போடுகிறவர்களுக்குப் பிடித்த இடம் இது. இந்த ஐந்தை மட்டும் உருப்போட்டுக்கொள்வதில் தப்பில்லை.

‘அன்’ உருமாறுவதில்லை என்பதும் கவனத்தில் இருக்கட்டும். அன்பாப்புலர், அன்லைக்லி, அன்ரியல்.

ஒரு என்னா, இரண்டு என்னா? ஒரு எம்மா, இரண்டு எம்மா?

ஒட்டைக் கழற்றிப் பாருங்கள். மீதி இருக்கும் சொல்லின் முதல் எழுத்தும் ஒட்டின் கடைசி எழுத்தும் ஒன்றாக இருந்தால் மட்டும் இரட்டிக்கிறது. மெச்சூர் எம்மில் தொடங்குவதால் இம்மெச்சூருக்கு இரண்டு எம். அக்யூரட் ஏ-யில் தொடங்குவதால் இன்அக்யூரட்டுக்கு ஒரே என். நியூமரபிள் என்னில் தொடங்குவதால் இன்நியூமரபிளுக்கு இரண்டு என். இமேஜ், இமிடேட் என்பவற்றில் ஒட்டே இல்லை, ஆகவே ஒரே எம்.

அதிகம் பேர் வழுக்கும் ஜோடி: தீங்கற்ற என்ற பொருளுள்ள ‘இனாக்யுவஸ்’, தடுப்பூசி போடுதல் என்ற பொருளுள்ள ‘இனாக்யுலேட்’. ஒலி ஏறக்குறைய ஒன்று, எழுத்து வேறு. முதலாவதில் ‘இல்லை’யும், தீங்கு என்ற பொருளுள்ள என்னில் தொடங்கும் வேரும் சேர்ந்ததால் இரண்டு என். இரண்டாவதில் ‘உள்ளே’ என்ற ஒட்டும், கண் என்ற பொருளுள்ள ‘ஓகுலஸ்’ என்ற லத்தீன் சொல்லும் சேர்ந்ததால் ஒரே என். ஊசிக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? செடியின் மொட்டையும் லத்தீனில் கண் என்பார்கள். ஒரு செடியின் மொட்டை இன்னொன்றில் பதித்து ஒட்டுக்கட்டுவதுதான் இந்தச் சொல்லின் முதல் பொருள். பிறகு அது அம்மைப்பாலை உடம்பில் பதிப்பதற்கு வந்தது. கரும்புக் கரணையில் முளைக்கும் இடத்தை நம் விவசாயிகளும் ‘கண்’ அல்லது ‘கணு’ என்கிறார்கள்.

ஒலியில் மயக்கம் தரும் ஜோடிகள் வேறு எவை?

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தைக் கவனமாகப் படியுங்கள். ‘இ-லெஜிபிள்’ என்றிருந்தால் எழுத்து புரியவில்லை, திருப்பி எழுதிக் கொடுக்கலாம். ‘இன்-எலிஜிபிள்’ என்றிருந்தால் உங்களுக்குத் தகுதியே இல்லை.

‘இமினன்ட்’ என்றால் இதோ நடக்கப்போகிற; ‘எமினன்ட்’ என்றால் புகழ்பெற்ற. இரண்டாவதில் இருப்பது ‘வெளியே’ என்ற பொருளுள்ள வேறு ஒட்டு. ஒரு நாட்டுக்குள் குடியேறுவது இமிக்ரேட், ஒரு நாட்டை விட்டுப் போவது எமிக்ரேட் என்பதிலும் அதே வேறுபாடு.

‘இன்-ஜீ-னியஸ்’ என்றால் மூளைக்காரத்தனமான. ‘இன்-ஜென்-யுவஸ்’ என்றால் சூதுவாது தெரியாத. வேடிக்கை என்னவென்றால், புத்திக்கூர்மையைக் குறிக்கும் ‘இன்ஜனுயிட்டி’ என்ற பெயர்ச்சொல் வடிவத்தில் இரண்டாவதன் பிள்ளை, பொருளில் முதலாவதன் வீட்டில் வளர்கிறது.

இன்எப்ட் இருக்கிறது, ‘எப்ட்’ எங்கே?

தமிழில் ‘உப்புச்சப்பில்லாத’ பேச்சு உண்டு. உப்புச்சப்பான பேச்சு என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதுபோலத்தான். இன்எப்ட் என்பது ‘ஆப்ட்’ என்பதன் எதிர்ச்சொல், நடுவில் உயிரெழுத்து மாறிவிட்டது. இன்எர்ட் என்பதில் ஒளிந்திருப்பது ‘ஆர்ட்’, கலை, செயல்திறன். திறனற்று அசையாமல் கிடப்பது இன்எர்ட், அந்தத் தன்மைதான் இயற்பியல் பாடத்தில் நிலைமம் என்று படித்த ‘இ-னர்-ஷா’. இமென்ஸ் என்றால் அளக்கப்படாதது, நாம் சொல்லும் அளவிறந்தது.

வேஷம் முற்றிப்போய் யாருக்கும் அடையாளம் தெரியாத சொற்களும் உண்டு. ‘இன்ஃபன்ட்’, குழந்தை: பேச்சு வராதது என்பது வேர்ப்பொருள். ‘இன்டிஜர்’, முழு எண்: கை படாதது, பின்னப்படாதது. ‘இம்யூன்’: ரோமில் பொதுக்கடமைகளிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெற்றவன், பிறகு நோயிலிருந்து விலக்குப் பெற்றவனுக்கும் அதே சொல். ‘எனிமி’யின் தலையில் இருப்பதும் இதே ஒட்டுதான், பிரெஞ்சு வழியாக வந்ததில் இ எ ஆயிற்று. நண்பன் அல்லாதவன்.

அநியாயம், அநீதி என்பவற்றில் வரும் ‘அ’வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சமஸ்கிருதத்தின் அ, கிரேக்கத்தின் அ, லத்தீனின் இன், ஆங்கிலத்தின் அன் நாலும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. சமஸ்கிருதத்திலும் கிரேக்கத்திலும் மெய்யெழுத்துக்கு முன் ‘அ’, உயிரெழுத்துக்கு முன் ‘அந்’. நீதி அநீதி ஆகும், அவசியம் அநாவசியம் ஆகும். தீயிஸ்ட் ஏதீயிஸ்ட் ஆகும், ஆர்க்கி ‘அனார்க்கி’ ஆகும்.

சில சொற்களில் ஒட்டு மட்டுமல்ல, உடலும் ஒன்றே. சாவு இல்லாதது அமிர்தம். சாவு இல்லாதவர் இமார்டல். அறிவு இன்மை அஞ்ஞானம், அறியாதவர் இக்னரன்ட். பெயர் இல்லாதது அநாமதேயம். பெயர் இல்லாதவர் அனானிமஸ். மொட்டைக் கடிதத்தை அநாமதேயக் கடிதம் என்று எழுதுபவரும் அனானிமஸ் லெட்டர் என்று எழுதுபவரும் அறியாமலே ஒரே சொல்லை எழுதுகிறார்கள்.

இந்த மொழிகளின் உறவைப் பற்றி, நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் 1786இல் பேசினார். அந்தக் குடும்பத்தில் தமிழ் சேராது, தெலுங்கு, கன்னடத்தோடு சேர்ந்து தனிக் குடும்பம் என்று சென்னையில் கலெக்டராக இருந்த ஆங்கிலேயர் எல்லிஸ் 1816இல் எழுதினார். ஆகவே ‘அ’ ஒட்டு நமக்கும் இறக்குமதிதான். நம் சொந்தச் சரக்கு வால்பக்கம் இருக்கிறது: முடியாத, இல்லாத, அற்ற.

‘இல்லீகல்’ என்று சொன்னேன், அவர் ‘லீகல்’ என்று எடுத்துக்கொண்டார். எப்படித் தவிர்ப்பது?

மேலே சொன்ன வால்பக்கம்தான் இங்கே வம்பு. முடியும், முடியாது என்பதில் வேறுபாடு கடைசியில் வந்து காதில் அறைகிறது. ஆங்கிலத்தில் ‘இட் இஸ் லீகல்’, ‘இட் இஸ் இலீகல்’ என்ற இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு மெலிந்த இ. ரெலவன்ட், இரெலவன்ட் கதையும் இதுவே. தொலைபேசியில் அது காணாமல் போய்விடும்.

ஆங்கிலேயர்களே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சந்தேகத்துக்கு இடமிருந்தால் வழக்கமான அழுத்தத்தை மாற்றி முன்னொட்டின் மேல் வைப்பார்கள்: ‘இ’-லீகல். அந்த நேரத்தில் மட்டும் ல்-ஐக் கொஞ்சம் இரட்டித்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதுவும் போதாத இடத்தில், குறிப்பாகப் பணமோ கையெழுத்தோ சம்பந்தப்பட்டிருந்தால், ‘நாட் லீகல்’ என்று சொல்லிவிடுங்கள்.

இர்ரிகார்ட்லெஸ் சரியா?

அகராதியில் இருக்கிறது, தரமற்ற வழக்கு என்ற குறிப்போடு. தலையிலும் ஒரு ‘இல்லை’, வாலிலும் ஒரு ‘இல்லை’. ரிகார்ட்லெஸ் என்றே எழுதுங்கள்.